ராஜரத்தினம் பிள்ளை: நான் நடத்தாமல் விட்ட பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. போன தடவை செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதியபோது "சார், ரெண்டு பாகமா போடுங்க" என்று சிலர் கேட்டீர்கள். இந்தத் தடவை பிரிக்க முடியவில்லை. டீயோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். ஆபீசில் படித்து மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

1987. அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் இல்லை, நாமெல்லாம் தென்னார்க்காட்டுக்காரர்கள். நான் திண்டிவனத்தில் வேலையில் இருந்தேன். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கிற சமயம். ஒவ்வொரு பையனிடமும் ஒரு தாள் கொடுத்துப் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தந்தை தொழில் எழுதி வாங்கினேன். நன்றாகப் படிக்கிற ஒரு பையன் தந்தை தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியிருந்தான். அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். முகூர்த்த நாட்களில் நாயனம் வாசிக்கப் போவார். தஞ்சாவூர்ப் பக்கம் நாயனத்துக்கென்றே தனிக் குடும்பங்கள் உண்டு. நம் பக்கத்தில் இந்த இரண்டு தொழிலும் ஒரே வீட்டில் இருப்பது சகஜம். பையனைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவன் எழுதியதை அப்படியே பட்டியலில் ஏற்றினேன்.

அந்தத் தை மாதம் விழுப்புரத்தில் உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் அவன் அப்பா நின்றுகொண்டு வாசிக்கிறார். பக்கத்தில் சுருதிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மாணவன். என்னைப் பார்த்ததும் தூண் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் சந்தனக் கிண்ணத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து உள்ளே போய்விட்டேன். அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே நடந்தது இன்னும் மோசம். அவர் ஏதோ ராகத்தை மெல்ல ஆரம்பித்து அழகாக வளர்த்துக்கொண்டு போனார். ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "யோவ், கொஞ்சம் நிறுத்துய்யா, பேச முடியல" என்றார். நாயனம் பாதியில் நின்றது. மூன்று பந்தி முடிந்த பிறகும் மேளக்காரர்களை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. பிறகு கொல்லைப்புறம் சமையல்கட்டு ஓரமாக இலை போட்டார்கள். நான் கை கழுவும்போது பார்த்தேன். கழுவிவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

போன மாதம் அந்த மாணவன் போன் செய்தான். அவனுக்கும் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அரசு வேலை, நல்ல நிலைமை. அவன் மகள் விழுப்புரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகசுரம் படிக்கிறாளாம். "சார், ஸ்கூல் விழாவுல பாப்பா ராஜரத்தினம் பிள்ளையைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும். நீங்கதான ஹிஸ்டரி சார், எழுதிக் குடுங்க" என்றான்.

முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தினேன். அக்பர், ஔரங்கசீப், பானிபட் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ராஜரத்தினம் பிள்ளையை ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. தெரியாமல் இல்லை. என் அப்பாவுக்கு அவர் பைத்தியம். திண்டிவனத்தில் கிராமபோன் வைத்திருந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தோடி இசைத்தட்டைக் கேட்டதை எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் ஊர். நன்னிலத்திலிருந்து நாகூர் போகிற வழியில் திருமருகல் என்று ஒரு தலம். பாம்பு கடித்து இறந்த வணிகனைத் திருஞானசம்பந்தர் பாடி எழுப்பினார் என்று சொல்வார்களே, அந்த ஊர். அங்கே 1898 ஆகஸ்ட் 27 அன்று குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை. திருவாவடுதுறை ஆதீனத்து நாகசுர வித்துவான். பையனைத் தம் பிள்ளையாகவே எடுத்து வளர்த்தார். டி.என். என்ற முன்னெழுத்துகளில் உள்ளவை திருமருகலும் நடேசனும்தான்.

திருவாவடுதுறை என்றால் சாதாரண இடமில்லை. உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட இடம். மடத்தில் காலையும் மாலையும் பூசை, ஓதுவார்கள், புலவர்கள், வித்துவான்கள். அந்தச் சூழலில் பையன் வளர்ந்தான். அப்போதைய பண்டாரசந்நிதி அம்பலவாண தேசிகர் பாலசுப்பிரமணியத்துக்கு ராஜரத்தினம் என்று பெயர் மாற்றினார். பெயர் வைத்த வேளை நல்ல வேளை. பிற்காலத்தில் அவர் நடந்த நடையும் உடுத்திய உடையும் ராஜாவுக்குரியதாகத்தான் இருந்தன.

பாப்பா, இனி வருவதைக் கவனமாகப் படி. நாகசுரக் குடும்பத்துப் பையன் என்றால் ஏழெட்டு வயதில் கையில் குழலைக் கொடுத்துவிடுவார்கள். ராஜரத்தினத்துக்கு முதலில் கொடுத்தது வாய்ப்பாட்டு. குரு திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர், அந்தக் காலத்தின் பெரிய பிடில் வித்துவான், செம்மங்குடி சீனிவாசய்யருக்குத் தாய்மாமன். கிருஷ்ணய்யர் 1913-இல் காலமானார். ஆக இந்தப் பாடமெல்லாம் பையனுக்குப் பதினைந்து வயது முடிவதற்குள் நடந்தது. பிறகுதான் நாகசுரத்தில் அழுத்தமான பயிற்சி. அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளை அந்த ஆசிரியர்களில் முக்கியமானவர். ராஜரத்தினம் முதலில் பாட்டுக் கச்சேரிகளே செய்திருக்கிறார்.

பிடில் வித்துவானிடம் பாட்டு கற்றுக்கொண்ட நாயனக்காரப் பையன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாகசுரம் அடிப்படையில் வெளியில் வாசிக்கிற வாத்தியம். சாமி புறப்பாடு, ஊர்வலம், கல்யாணம். கோபுர வாசலில் மல்லாரி வாசித்தால் நாலு வீதிக்கும் கேட்க வேண்டும். அதனால் குழலைக் குட்டையாகச் செய்து உச்சமான சுருதியில் வைத்துக்கொண்டார்கள். நாலு கட்டை, ஐந்து கட்டை. அதற்குத் திமிரி என்று பெயர். பெயரே சொல்லிவிடுகிறது. திமிரி மைக் இல்லாமலே ஊரைக் கூட்டிவிடும். ஆனால் ஆண் பிள்ளை பாடுகிற சுருதி ஒன்று, ஒன்றரைக் கட்டை. பாட்டு படித்த ஒருவனுக்குத் தொண்டைக்குள் ஓடுகிற ராகம் ஒரு சுருதியிலும் கையில் பிடித்த குழல் அதற்கு வெகு மேலேயும் இருந்தால் எப்படி இருக்கும்? அவருக்குத் திமிரி போதாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். நடேச பிள்ளை பையன் கையில் முதலிலேயே குழலைக் கொடுத்திருந்தால் இந்தக் குறை அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. நாகசுரம் செய்கிற ஊர். (2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும்.) பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல வருடம் காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைந்து துளை போடுவார்கள். அந்த நீண்ட குழலுக்கு உலவு என்று பெயர். அடியில் விரிகிற பகுதி அணசு. மேலே கெண்டை, அதில் செருகுவது சீவாளி. சீவாளி காவிரிப் படுகையில் விளைகிற கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்வது. அளவில் சின்னது, ஆனால் வித்துவான் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. நாயனக்காரர் கழுத்தில் சங்கிலிபோல் ஊசியும் சீவாளிகளும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் நான் அதை ஏதோ நகை என்று நினைத்தேன்.

நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி என்று ஒரு கைவினைஞர். அவரோடு சேர்ந்து ராஜரத்தினம் பிள்ளை குழலின் நீளத்தை மாற்றி, துளைகளின் இடத்தை மாற்றி, ஊதிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, மறுபடி செய்யச் சொல்லி, இரண்டு, இரண்டரைக் கட்டைக்குச் சுருதி இறங்கிய பாரி நாகசுரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். முன்பு சுத்த மத்தியமம் துளையில் சரியாகப் பேசாது, வித்துவான் உதட்டாலும் மூச்சாலும் சமாளித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறையும் தீர்ந்தது. இதில் ஆசாரிக்கு எவ்வளவு பங்கு, பிள்ளைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வாசிக்கத் தெரிந்தவன் காதும் கடையத் தெரிந்தவன் கையும் ஒரே பட்டறையில் உட்கார்ந்திருக்கின்றன. நம் வரலாற்றில் இப்படி நடந்தது குறைவு. நடந்தபோதெல்லாம் ஒருவர் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

பாரி வாசிப்பது சுலபமில்லை. குழல் நீளம், துளைகளின் இடைவெளி அதிகம், விரல் விரிய வேண்டும், மூச்சு கூடுதலாக வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது என்னவென்றால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். காதை அடைக்காது. சபாக்களும் மைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. கூடத்துக்குள் உட்கார்ந்து கேட்கிற கூட்டத்துக்கு ஏற்ற நாகசுரம் அப்படிக் கிடைத்தது. பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருக்கிற ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டதும் அவர்தான். அது பாட்டுக் கச்சேரியின் பழக்கம். திருக்கோடிக்காவலில் படித்த பையன் எங்கேயும் போய்விடவில்லை.

இனி தோடி. தோடி ராகத்தின் சுரங்கள் ஓரிடத்தில் நிற்காதவை. காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும், நேராக நிறுத்தினால் தோடி ஓடிவிடும். நாகசுரத்தில் விரல் வைக்கிற துளைகள் ஏழு. வீணைபோல் தந்தியை இழுத்து வளைக்க வழியில்லை. துளையைப் பாதி மூடி, கால் மூடி, சீவாளியை உதடு அழுத்துகிற அழுத்தத்தை மாற்றி, மூச்சைக் கூட்டிக் குறைத்து அந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை அதை மணிக்கணக்கில் செய்வார் என்பது கேட்டவர்கள் எல்லாரும் சொல்வது. நமக்குக் கிடைத்திருப்பது 78 சுற்று இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. ஆற்றைச் சொம்பில் மொண்டு வந்த கதை. அந்தச் சொம்புத் தண்ணீரே என் அப்பாவுக்கு ஆயுள் முழுக்கப் போதுமாக இருந்தது. யூடியூபில் கிடைக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பாட்டுக் கச்சேரியில் பெரிய பெயரெடுத்த ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் வேகமான பிருகாக்களில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் கேட்கிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள். பாட்டிலிருந்து நாகசுரத்துக்குப் போனது நாகசுரத்திலிருந்து மறுபடி பாட்டுக்கு வந்தது.

இதுவரை சங்கீதம். இதற்கு மேல் சொல்லப்போவதுதான் அந்தப் பையனுக்கு 1987-இல் நான் சொல்லியிருக்க வேண்டியது.

அந்தக் காலத்தில் நாகசுர வித்துவான் பெரிய மனிதர்கள் முன்னால் மேல்துண்டைத் தோளில் போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு அல்லது நடந்துகொண்டுதான் வாசிக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடை, ஜமக்காளம், வெற்றிலைத் தட்டு. நாயனக்காரருக்கு வாசல். 1930 வாக்கில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து என்ற வித்துவான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு துண்டைத் தோளில் போட்டார். எடுக்கச் சொல்லித் தகராறு. அங்கே இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்காதே, நீ வாசி என்று அவர் பக்கம் நின்றார். ஒரு முழத் துண்டுக்கு இவ்வளவு பெரிய சண்டையா என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம், இவ்வளவு பெரிய சண்டை.

ராஜரத்தினம் பிள்ளை இந்தச் சண்டையைத் தன் பாணியில் போட்டார். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார். காதில் வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, ஷெர்வானி, காலில் ஷூ. துண்டைத் தோளில் போடலாமா என்று கேட்கிறவர்கள் முன்னால் ஷெர்வானியில் வந்து நின்றால் அவர்கள் எதை எடுக்கச் சொல்வார்கள்? மேடை போட்டால்தான் வாசிப்பேன், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். மற்ற வித்துவானாக இருந்தால், போய்யா, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருப்பார்கள். இவரிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. இவருக்கு வேறு ஆள் கிடையாது. அந்தத் தோடி வேண்டுமென்றால் மேடை போட்டே ஆக வேண்டும். போட்டார்கள். அவர் உட்கார்ந்த பிறகு மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அவரைச் சாமியாக்க நான் வரவில்லை. ஒப்புக்கொண்ட இடத்துக்கு நேரத்துக்குப் போகமாட்டார், சில இடங்களுக்குப் போகவேமாட்டார். குடிப் பழக்கம் இருந்தது. கை நீட்டிச் செலவழித்தார், சேர்த்து வைக்கத் தெரியவில்லை. தம்மை விஞ்ச ஆளில்லை என்பதை மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கவும் மாட்டார். திமிர் என்பார்கள். இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்றவர்களுக்குள் முதலில் உட்கார்ந்தவன் பணிவாக உட்கார்ந்திருக்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு ஆள் கிடையாது என்ற பலம் அவருக்கு இருந்தது. நம்மூர் மண்டப வாசலில் நின்ற அந்த அப்பாவுக்கு அது இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது எழுந்து ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஒரு ஆள். நான் அங்கே இருந்தேன்.

சரி, கதைக்கு வருவோம். 1940-இல் 'கவி காளமேகம்' என்று ஒரு படம். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கியது. அதில் காளமேகமாக நடித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. பாடுகிற குரல் இருந்ததல்லவா, அது சினிமாவுக்கும் உதவியது. இலங்கைக்கும் பல தடவை போய் வாசித்தார். மெட்ராஸ் கச்சேரிக்கென்றால் மாயவரம், சிதம்பரம், கடலூர் வழியாக வருகிற மீட்டர்கேஜ் பாதை. நம் விழுப்புரம் ஜங்ஷனையும் திண்டிவனத்தையும் தாண்டாமல் மெட்ராஸ் போக முடியாது. என் அப்பா ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம், "இந்தத் தண்டவாளத்துலதான்டா போவாரு" என்பார்.

1947 ஆகஸ்ட் 14 சாயங்காலம். திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து டில்லிக்கு ஒரு குழு போயிருந்தது. ஒரு தம்பிரான், ஒரு ஓதுவார், ராஜரத்தினம் பிள்ளை. நேருவின் வீட்டில் செங்கோலைக் கொடுத்தபோது வாசித்த நாகசுரம் அவருடையது. அனுப்பிய பண்டாரசந்நிதியின் பெயரும் அம்பலவாண தேசிகர்தான். பெயர் மாற்றியவர் வேறு, இவர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்க 'டைம்' பத்திரிகை இந்த நிகழ்ச்சியை எழுதியபோது நாகசுரத்தைப் புல்லாங்குழலில் ஒரு வகை என்று எழுதிவிட்டது. கிட்டத்தில் நின்று கேட்டிருந்தால் எழுதியிருக்கமாட்டார்கள். செங்கோலைப் பற்றி 2023-இல் நடந்த வாதங்களுக்குள் நான் போகவில்லை, கமென்டில் நீங்களும் போகவேண்டாம். எனக்கு வேண்டியது அந்த நாகசுரம் மட்டும். இந்த விவரம் 1987-இல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கரும்பலகையில் அந்தத் தேதியை எழுதிய அன்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை.

1956 டிசம்பர் 12 அன்று ராஜரத்தினம் பிள்ளை காலமானார். வயது 58. அடுத்த ஆண்டே ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பாள்' எழுத ஆரம்பித்தார். கதாநாயகன் ஒரு நாகசுரக்காரன், அதுவும் மூக்குக்கு மேல் கோபம் வருகிற நாகசுரக்காரன். 1968-இல் ஏ.பி.நாகராஜன் அதைப் படமாக எடுத்தார். சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்தவர் யார்? நம் விழுப்புரத்தில் பிறந்த வி.சி.கணேசன். அந்த 'வி' விழுப்புரம்தான். வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் படத்தில் வாசித்தன என்று சொன்னால் அந்தச் சகோதரர்களே கோபித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். அதற்கு முன் 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'. எஸ்.ஜானகி குரலோடு போட்டி போட்ட 'சிங்கார வேலனே' நாகசுரம் காருக்குறிச்சி அருணாசலத்தினுடையது. அவர் ராஜரத்தினம் பிள்ளையின் நேர் சீடர். இந்த இரண்டு படத்துக்குப் பிறகு கல்யாணங்களில் நாயனக்காரரிடம் கேட்டதெல்லாம் இந்த இரண்டு பாட்டுதான். கேட்டு முடித்ததும் சட்டையில் ஒரு ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அது மரியாதையா இல்லையா என்பதை அந்தச் சட்டைக்குள் இருந்தவர்தான் சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்காக இன்னும் கொஞ்சம். ஆந்திராவில் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கி, தஞ்சாவூர் பாணியைக் கற்கவே தமிழ்நாட்டுக்கு வந்து, கடைசியில் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார். பெண்கள் வாசிப்பதாவது என்று உன்னிடம் யாராவது கேட்டால் மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாயின் பெயரைச் சொல். பத்மஸ்ரீ வாங்கிய காலிஷாபி மகபூப் பெயரையும் சொல். நம் பக்கத்துக் கூத்தில் வாசிக்கிற முகவீணையும் உன் நாகசுரத்துக்குத் தங்கைதான். அதையும் ஒரு தடவை வாங்கி ஊதிப் பார்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மாணவனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கல்யாண மண்டபப் பகுதி வந்ததும் தயங்கினேன். பிறகு படித்துவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "இருக்கியாப்பா?" என்றேன்.

"இருக்கேன் சார்" என்றான். "நீங்க குனிஞ்சிக்கிட்டுப் போனத நானும் பாத்தேன் சார். அப்பாவும் பாத்தாரு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ராத்திரி பஸ்சுல வரும்போது அப்பா கேட்டாரு சார், அது உங்க வாத்தியார்தானே, அவரு சாப்டாரான்னு. சாப்டுட்டுத்தான் போனாருன்னு சொன்னேன்."

அவன் அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் குழல்தான் இப்போது பாப்பா கையில். பழைய ஆச்சா மரம், நரசிங்கம்பேட்டையில் வாங்கியது, பாரி. சீவாளி மட்டும் புதிது. பேத்தி சேர்ந்த அன்று இசைப்பள்ளி விண்ணப்பத்தில் 'குடும்பத்தில் யாரேனும் கலைஞர் உண்டா' என்ற மாதிரி ஏதோ கேட்டார்களாம். தாத்தா பெயரை எழுதி, பக்கத்தில் 'நாகசுர வித்துவான், திண்டிவனம்' என்று தானே எழுதியதாகச் சொன்னான். அந்த விண்ணப்பத்தை நான் பார்க்கவில்லை. விழாவுக்குப் போகும்போது கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பாப்பா, ஐந்து நிமிடத்துக்கு இது ரொம்ப அதிகம். வாய்ப்பாட்டுப் பயிற்சி, திமிரியும் பாரியும், மேடையில் உட்கார்ந்தது, டில்லி. இந்த நாலை மட்டும் வைத்துக்கொள். தேதிகளைக் கையில் எழுதிக்கொண்டு போகாதே, மனப்பாடம் செய். என் கதையை விட்டுவிடு. தாத்தா கதையைச் சொல்வதா வேண்டாமா என்று அப்பாவைக் கேட்டுக்கொள்.

மற்றவர்களுக்கு: எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். கண் டாக்டர் போனைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.